மெல்லிய ஊசியும் மீன் செதில் டேங்கும்

போன மாதம் நஸ்ரின் வீட்டுக்கு வந்திருந்தாள். என் தம்பி மகள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. வார நாளெல்லாம் கம்பெனி வண்டியில் போய் வருகிறாள், சனி ஞாயிறில் ஹெல்மெட்டுக்குப் படம் போட்டுத் தருகிறாள். இப்போது பைக் டேங்கிலும் கை வைத்துவிட்டாளாம். கைபேசியில் வரிசையாக ஏர்பிரஷ் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

"பெரியத்தா, பாயின்ட் டூ வாங்கறதா, பாயின்ட் த்ரீ வாங்கறதா? அத மட்டும் சொல்லுங்க."

அத மட்டும் சொல்ல வேண்டுமாம்! முப்பத்தெட்டு வருஷம் மோட்டார் சைக்கிளுக்குப் பெயிண்ட் அடித்தவனிடம் வந்து ஒரு வார்த்தையில் பதில் கேட்கிற துணிச்சல் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் வரும். தின்னர் வாடையில் என் மூக்கு செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. பிரியாணிக்கும் பருப்புக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வாய் மட்டும் நன்றாக இருக்கிறது. உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அப்படியும் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதிக் கதையைச் சொன்னால் என் தப்பைச் சொல்ல வேண்டிவரும். தம்பி மகளிடம் அதை முகம் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதுவதில் அந்தத் தொல்லை இல்லை.

ஏர்பிரஷ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தடித்த பேனா அளவில் இருக்கும். உள்ளே ஒரு நீளமான ஊசி. முன்னால் மூக்கு மாதிரி சின்னத் துவாரம். பின்னால் குழாய் வழியாகக் காற்று வரும். காற்று பெயிண்ட்டை இழுத்துக்கொண்டு போய்ப் பனி மாதிரி தூவும். நஸ்ரின் கேட்ட டூவும் த்ரீயும் அந்தத் துவாரத்தின் அளவு. துவாரம் சின்னதாக இருந்தால் தலைமுடி போலக் கோடு போடலாம். பெரிதாக இருந்தால் அவ்வளவு நுணுக்கம் வராது, வேலை ஓடும்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். எங்கள் அத்தா செங்கல்பட்டு பஜாரில் தகரப் பெட்டி செய்பவர். கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கிற டிரங்குப் பெட்டியில் ரோஜாவும் கிளியும் வரைந்துதான் நான் பிரஷ் பிடித்தேன். அப்புறம் பஸ் போர்டு, லாரி முதுகு. அப்புறம் ரயில்வே கேட் பக்கத்தில் இருந்த சரோஜாக்கா பட்டறையில் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்ததைத் தவிர வேறு வேலை தரவில்லை. விரலில் நகம் இருந்ததா என்பதே மறந்துபோனது. படிப்பு அவ்வளவுதான்.

பட்டறையை ஆரம்பித்தவர் அக்காவின் கணவர். பெயிண்ட் புகை ஒத்துக்கொள்ளாமல் அவருக்கு மூச்சிரைப்பு வந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அக்கா சாவியை வாங்கிக்கொண்டு வந்து கடையைத் திறந்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு இருபத்தாறு. "பொம்பள இன்னா பெயிண்ட்டு பட்டற நடத்தறது" என்று எதிர்க்கடைக்காரர்கள் சிரித்தார்கள். இரண்டு வருஷத்தில் அவர்களே தங்கள் வண்டியை எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

அக்கா ஸ்பிரே கன்னைக் கையால் தொட்டதில்லை. ஆனால் அந்தக் கண் இருக்கிறதே, அதற்குத் தப்பி ஒரு தூசி போகாது. வேலை முடிந்த டேங்கை மரத் தாங்கியில் வைத்து, மேலே ட்யூப் லைட்டைப் போடச் சொல்வார். டேங்கில் விழும் வெளிச்சக் கோடு நேராக இருக்கிறதா என்று இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை நடந்து பார்ப்பார். கோடு ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே பள்ளத்தை நிரப்பும் பட்டியைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று அர்த்தம். அடுத்தது கைக்குட்டை. இடுப்பில் செருகியிருக்கும் மல் துணிக் கைக்குட்டையை எடுத்து டேங்கின் மேல் மெதுவாகப் போடுவார். அது தானாக வழுக்கிக் கீழே விழ வேண்டும். ஓரிடத்தில் தங்கினாலும் அங்கே சொரசொரப்பு இருக்கிறது.

பிறகு ஒரே ஒரு வார்த்தை. வேலை பிடித்திருந்தால் "போவட்டும்." வண்டி வெளியே போகலாம். பிடிக்கவில்லையென்றால் "இருக்கட்டும்." அதாவது வண்டி இங்கேயே கிடக்கட்டும், வெளியே போகக் கூடாது. காரணம் சொல்ல மாட்டார். நாமும் கேட்கக் கூடாது. எங்கே தப்பு என்று நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மறுநாள் காலை வரை தெரியவில்லையென்றால் அப்புறம் சொல்வார். புதிதாகச் சேருகிறவன் எவனாக இருந்தாலும் "இருக்கட்டும்" என்றதும் 'பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும்' என்கிறார் போல என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். நானும் நின்றிருக்கிறேன்.

வேலை முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது. மாமல்லபுரம், திருவிடந்தைப் பக்கத்து வண்டிகள் வந்தால் பழைய பெயிண்ட்டின் மேலேயே அடிக்கக் கூடாது. உப்புக்காற்று உள்ளே புகுந்து துரு பிடித்திருக்கும். இரும்பு பளபளவென்று தெரியும் வரை சுரண்டி, அடிப்பூச்சான பிரைமர் அடித்து, பட்டி வைத்து, நாள் கணக்கில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். பெயிண்ட் அடிக்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்க வேண்டும். விடிகாலையில் அடித்தால் ஈரக்காற்றில் பெயிண்ட் வெளுத்துச் சாம்பல் பூத்துவிடும். சாயங்காலம் அடித்தால் கொளவாய் ஏரியிலிருந்து பூச்சி கூட்டம் கூட்டமாக வந்து ஈரப் பெயிண்ட்டில் குடியேறும். காலை பத்துக்கு மேல், மாலை நாலுக்குள். எங்கள் நல்ல நேரம் அதுதான்.

எழுபதுகளின் நடுவில் வாலிபப் பிள்ளைகளுக்கு வண்டியில் படம் போடுகிற மோகம் வந்தது. மாமல்லபுரம் கடற்கரைக்கு நீளமுடி வெள்ளைக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். அவர்கள் டேங்கில் நெருப்பும் பூவும் மண்டையோடும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பிரஷ்ஷால் வரைந்தால் பெட்டியில் வரைந்த கிளி மாதிரிதான் இருந்தது. ஒரு நிறம் இன்னொரு நிறத்தில் கரைந்து போகிற அந்த மந்திரம் வரவில்லை. "அக்கா, ஏர்பிரஷ் ஒண்ணு வேணும்" என்று நான் ஆறு மாதம் நச்சரித்தேன்.

ஒரு நாள் காலை பாசஞ்சரில் எழும்பூர் போய் இறங்கி, மூர் மார்க்கெட்டுக்கு நடந்தோம். பழைய கருவிகள் விற்கும் ஒரு பாய் சாக்கை விரித்து இரண்டு ஏர்பிரஷ்களை எடுத்து வைத்தார்.

ஒன்று பித்தளை. அடியில் பாட்டில் தொங்கும். பட்டனை அழுத்தினால் காற்றும் பெயிண்ட்டும் சேர்ந்தே வரும். எவ்வளவு பெயிண்ட் வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு திருகில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரோ பல வருஷம் பிடித்ததில் விரல் படும் இடம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. இன்னொன்று வெள்ளி மாதிரி மின்னியது. தலைமேல் சின்னக் கிண்ணம். போட்டோ ஸ்டுடியோவில் முகத்துப் பருவை மறைக்கப் பயன்படுத்தியதாம். அதன் பட்டன் இரண்டு வேலை செய்யும். கீழே அழுத்தினால் காற்று. அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் பெயிண்ட். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு. விரலே திருகு.

அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கினார். காலில் அடிக்கும் காற்றுப் பம்ப்பில் குழாயை மாட்டி, சிமென்ட் தரையில் இரண்டையும் அடித்துக் காட்டச் சொன்னார். பித்தளை கொஞ்சம் முரட்டுத்தனமாகப் புள்ளி புள்ளியாகத் துப்பியது. வெள்ளியை எடுத்து நான் என் பெயரைத் தரையில் எழுதினேன். 'அன்வர்' என்பதன் சுழி நூல் மாதிரி வந்தது. காய்ந்து மறைகிற வரை நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுதறதுக்கு நல்லாத்தான் கீது" என்றார் அக்கா. "நம்ம பெயிண்ட்டு இந்த மூக்குல போவுமா?"

"தின்னர் கொஞ்சம் தூக்கலா ஊத்தினா போவும்க்கா."

"எனக்கென்னவோ அந்தப் பித்தளதான் நம்ம வேலைக்குனு தோணுது. சொரசொரனு அடிச்சாலும் கை நின்னு வேல செய்யும்."

"அக்கா, அது கொசு மருந்து அடிக்கறது மாதிரி கீதுக்கா."

பாய் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "நீதான் கைல புடிக்கப் போற. அப்புறம் அடச்சிக்கிச்சு கிடச்சிக்கிச்சுனு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார். வெள்ளியோடு ஊர் திரும்பினோம். ரயிலில் செங்கல்பட்டு வரை அதை நான் மடியிலேயே வைத்திருந்தேன்.

அடைத்துக்கொண்டது. முதல் வாரமே. எங்கள் பெயிண்ட் தடிப்பு. அந்த மூக்கோ கொசு மூக்கு. பழைய நைலான் புடவைத் துணியை நாலாக மடித்து அதில் வடிகட்டி ஊற்றினேன். அடுத்தது உள்ளே இருந்த ரப்பர் வாஷர் தின்னரில் ஊறி இட்லி மாதிரி உப்பியது. கல்பாக்கத்தில் கட்டுமான வேலையில் இருந்த ஒரு ஃபிட்டர், எங்கள் வாடிக்கைக்காரர், எந்த ரசாயனத்துக்கும் மசியாத ஒரு வெள்ளை வாஷரைக் கடைந்து கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் கரன்ட். எப்போது போகும், எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. லாரி ட்யூப் ஒன்றில் காற்றை நிரப்பி வைத்துக்கொண்டு, கரன்ட் போனால் அதில் குழாயை மாட்டி வேலை பார்த்தேன். இத்தனை கூத்துக்கும் அக்காவிடம் போய் நிற்கவில்லை. ரோஷம்.

நஸ்ரினுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். முதலில் பெரிய துவாரம் வாங்கு. உள்ளே இருக்கும் வாஷர் தின்னரைத் தாங்குமா என்று கேள். ஊசி வளைந்தால் மாற்று ஊசி கிடைக்குமா என்று கேள். ஒரு மணி நேரம் பிடித்துப் பார், விரல் வலித்தால் வேண்டாம். மெல்லிய ஊசியை இரண்டாவதாக வாங்கிக்கொள். ஏன் என்று கேட்டாள். 'வாங்கினா தெரியும்' என்று மழுப்பிவிட்டேன். உண்மையான காரணம் கர்வம். மெல்லிய ஊசி கையில் வந்ததும் எனக்குக் கர்வம் தலைக்கேறியது. அவ்வளவு நுணுக்கமாகப் போட்ட வேலையின் மேல் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று, அதன் மேல் நிறமில்லாத கிளியர் லேக்கரை ஒன்றுக்கு நாலு தடவை அடிப்பேன். தேய்ப்பேன். பாலிஷ் போடுவேன். கடைசியில் மெழுகு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி இருக்கும். அக்காவின் கைக்குட்டை என் டேங்கில் தங்கவே தங்காது.

இனி அந்தத் தப்பு.

மாசி மகத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரு பெண்ணும் அவள் புருஷனும் பழைய ஜாவா வண்டியில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. புருஷன் டேவிட், ஒரு கால் விந்தி நடந்தார். மகத்துக்கு மாமல்லபுரத்தில் கூட்டம் கூடுமே, அங்கே 'மரணக் கிணறு' போடுகிறவர்கள். பலகையால் வட்டமாகக் கிணறு மாதிரி கட்டி, அதன் உள்சுவரில் மோட்டார் சைக்கிளை ஓட்டுவார்கள். ஜனங்கள் மேலே விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். டேவிட்தான் முதலில் ஓட்டியவர். விழுந்து இடுப்பு உடைந்த பிறகு அவர் மைக் பிடிக்க, ஸ்டெல்லா வண்டியைப் பிடித்தாள்.

"படம் கிடம் வேணாம் அண்ணாத்த. டேங்கு பூரா மீன் செதிலு வேணும். நான் காசிமேட்டுப் பொண்ணு. மேல லைட்டு படறப்ப, வஞ்சிரம் கூடைல துள்ற மாதிரி மின்னணும்" என்றாள்.

எனக்கு அப்போதே கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. அவள் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். "கடைசி ரவுண்டுல ரெண்டு கையும் வுட்டுருவேன். இப்படி விரிச்சுக்குவேன். முட்டியாலதான் டேங்க இறுக்கிப் புடிச்சுக்கினு ஓட்டறது. அதுக்குத்தான் சனம் வருது." நான் தலையாட்டினேன். காதில் விழுந்தது. மண்டைக்குள் ஏறவில்லை. மண்டை முழுக்கச் செதில். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவள் முட்டியையே பார்த்தார்.

திருவிடந்தை வாடிக்கைக்காரர் ஒருவரிடம் கிழிந்த மீன்வலைத் துண்டு வாங்கிவந்தேன். டேங்குக்கு முதலில் வெள்ளி நிறம். அது காய்ந்ததும் வலையை இழுத்துக் கட்டி, அதன் கண்களைச் செதில் மாதிரி சாய்த்து, மேலே கருநீலம் தூவினேன். வலையை எடுத்ததும் அதன் நூல் இருந்த இடமெல்லாம் வெள்ளியாக, நடுவெல்லாம் நீலமாக நின்றது. இது எவன் வேண்டுமானாலும் செய்வான். அதற்கு மேல்தான் என் வெள்ளி ஊசி. ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு ஓரத்தில் நிழல், மறு ஓரத்தில் வெளிச்சம். அடிவயிற்றுப் பக்கம் லேசாக ரோஜா நிறம். நாலு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். முடித்ததும் லேக்கர், தேய்ப்பு, பாலிஷ், மெழுகு. கடைசியாகத் துடைக்கும்போது என் உள்ளங்கை டேங்கில் நிற்காமல் வழுக்கி ஓடியது. அதை நினைத்து நான் சந்தோஷப்பட்டேன், எழுதவே கூசுகிறது.

மகத்தன்று காலை இருவரும் வந்தார்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு முதல் ஆட்டம். டேங்கை வண்டியில் மாட்டி ட்யூப் லைட் கீழே நிறுத்தினேன். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அக்கா இந்தப் பக்கம் நடந்தார், அந்தப் பக்கம் நடந்தார். வெளிச்சக் கோடு நேராக நின்றது. கைக்குட்டையைப் போட்டார். போட்ட வேகத்தில் வழுக்கித் தரையில் விழுந்தது. நான் "போவட்டும்" என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

அக்கா குனிந்து கைக்குட்டையை எடுத்தார். டேங்கைப் பார்த்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

அதே நேரம் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து, அக்காவின் கணவருக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது என்றார். அக்கா செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் ஓடினார்.

டேவிட் சிரித்தபடி வண்டியின் ஸ்டாண்டைத் தள்ளினார். "மொதலாளியம்மாவே இருக்கட்டும்னுட்டாங்க. அப்புறம் இன்னா, எடு ஸ்டெல்லா."

ஸ்டெல்லா அசையவில்லை. குனிந்து அந்தச் செதிலில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "எங்கம்மா கூடைல பாத்த மாதிரியே கீது அண்ணாத்த" என்றாள்.

பட்டறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். என் வேலை, நான்தான் சொல்ல வேண்டும். வெளிச்சம் நேராக இருந்தது, துணி வழுக்கியது, அப்புறம் என்ன குறை? பித்தளையை வாங்கவில்லை என்ற பழைய வன்மம் அக்காவுக்கு இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். என் மீன் அன்று சாயங்காலம் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் சுற்ற வேண்டும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

"பாத்துப் போங்க" என்றேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா திரும்பிவந்தார். கணவர் ஊசி போட்டுக்கொண்டு தூங்குகிறாராம். உள்ளே நுழைந்ததும் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து நின்றார்.

"மீனு எங்க?"

"எடுத்துக்கினு போயிட்டாங்கக்கா."

"நான் இருக்கட்டும்னு சொன்னேனே."

"அவங்க... சரினு சொன்னதா நெனச்சுக்கினாங்க."

"அவங்க நெனச்சாங்க. நீ இன்னா நெனச்ச?"

அக்கா கத்தவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "துணியே நிக்கலியேடா அந்த டேங்குல. அந்தப் பொண்ணு முட்டி எப்படிடா நிக்கும்? கைய வுட்டுட்டு ஓட்டறேன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொன்னாளே."

என் உள்ளங்கை வழுக்கி ஓடியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாட்டர் பேப்பர் கட்டு ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பட்டறையின் ராஜ்தூத் வண்டியைக் கிளப்பினேன். அக்கா புடவையை இழுத்துச் செருகிப் பின்னால் உட்கார்ந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை வண்டி ஓடியது. அதற்கு மேல் சாலை முழுக்க மாட்டுவண்டியும் பஸ்ஸும் நடந்து போகிற குடும்பங்களும். ஹார்ன் அடித்து அடித்து என் கட்டைவிரல் மரத்துப்போனது.

கடற்கரை மணலில், மகத்துக்கு வந்த இருளர் குடும்பங்கள் தழைக் குடில் போட்டுத் தங்கியிருந்தார்கள். அவர்களைத் தாண்டி ஓடும்போதே கிணற்றுக்குள்ளிருந்து இன்ஜின் சத்தம் கேட்டது. ஆட்டம் தொடங்கிவிட்டது. படியேறி விளிம்பில் போய்க் கீழே பார்த்தேன். என் மீன் சுவரில் சுற்றிக்கொண்டிருந்தது. விளக்கு பட்டு ஒவ்வொரு செதிலும் எழுந்து எழுந்து மின்னியது. அவ்வளவு அழகான வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை.

"கத்தாத" என்று அக்கா என் கையைப் பிடித்தார். "திரும்பிப் பாத்தா அதுக்கே விழுந்துருவா."

மைக்கில் டேவிட் 'இரண்டு கையையும் விடப்போகிறாள்' என்று அறிவித்தார். ஸ்டெல்லா கைகளை விரித்தாள். முதல் சுற்று தாக்குப்பிடித்தாள். இரண்டாவது சுற்றில் அவள் வலது முட்டி டேங்கிலிருந்து நழுவியது. உடம்பு ஒரு பக்கம் தொங்கியது. வண்டி விளிம்பை நோக்கி ஏறி வந்தது. எங்கள் பக்கத்தில் இருந்தவர்கள் அலறிப் பின்னால் சாய்ந்தார்கள். எப்படிப் பிடித்தாளோ, ஒரு கை ஹேண்டில் பாரை எட்டியது. வண்டி சறுக்கிச் சறுக்கிச் சுற்றிக் கீழே இறங்கி, அடித்தரையில் சாய்ந்தது. ஜனங்கள் அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு கை தட்டினார்கள்.

கீழே சின்னக் கதவு வழியாக நானும் அக்காவும் உள்ளே போனோம். ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து, சைலன்சரில் பட்டுச் சிவந்த கெண்டைக்காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா காலைல வேணாம்னுதான் சொன்னாங்க. எனக்குத் தெரியும். நான்தான் வாய மூடிக்கினேன்" என்றேன்.

டேவிட் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ஸ்டெல்லா தலையைத் தூக்கினாள்.

"வுடுய்யா அவர. மீனு வழுக்கும்னு எனக்குத் தெரியாதா? மீன் மார்க்கெட்டுல இதுக்கு இன்னா பண்ணுவோம்? சாம்பல் தொட்டுக்குவோம்." வெளியே மீன் வறுக்கும் கடையின் அடுப்பிலிருந்து ஒரு டப்பா சாம்பல் வந்தது. டேங்கின் இரண்டு பக்கமும் பூசினாள். தன் கால்சட்டை முட்டியில் பூசினாள். வெளியே அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் நெருக்கியது. "நின்னுக்கும்ல அண்ணாத்த?" என்று என்னைக் கேட்டாள்.

அந்த டேங்கில் எத்தனை தடவை மெழுகு ஏற்றியிருக்கிறேன் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு சுற்று வியர்வை பட்டால் சாம்பல் குழம்பாகி இன்னும் மோசமாக வழுக்கும். 'நின்னுக்கும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் என் மீன் பிழைத்துக்கொள்ளும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்காது" என்றேன். "ஏறாத ஸ்டெல்லா. தேய்ச்சாத்தான் நிக்கும்."

வாட்டர் பேப்பரை வெளியே எடுத்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. விழுந்தபோது அழாதவள் அப்போது அழுதாள். "என் மீன வுட்டுரு அண்ணாத்த. வேணாம், அவ்ளோ அழகா கீது" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் அவள் கையை விலக்கிவிட்டு, வாளித் தண்ணீரில் பேப்பரை நனைத்து, முட்டி படும் இடத்தில் வைத்துத் தேய்த்தேன். மெழுகு போனது. லேக்கர் போனது. நாலு நாள் மூச்சைப் பிடித்துப் போட்ட செதில்கள் நீலத் தண்ணீராக என் முழங்கை வழியாக ஓடின. எனக்குப் பெற்ற பிள்ளையின் தோலை உரிப்பது மாதிரி இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தால், டேங்கின் அந்தப் பக்கம் அக்கா. புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு மணலில் குந்தி, ஒரு பேப்பரை எடுத்து மறுமுட்டியின் இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு டேங்கைத் தேய்த்து நான் பார்த்தது அன்றுதான். "நானும் வாயத் தொறந்து விளக்கமா சொல்லியிருக்கணும் அன்வரு" என்றார், தேய்ப்பதை நிறுத்தாமல். "நம்ம பட்டற பாஷ ஊருக்குப் புரியுமா?" அதற்குப் பிறகு அவர் காரணம் சொல்லாமல் ஒரு வண்டியையும் நிறுத்தி வைத்ததில்லை.

இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குப் பிரைமர் தெரிகிற வரை தேய்த்தோம். காய்ந்த துணியால் துடைத்து, என் கையை வைத்து அழுத்தித் தள்ளிப் பார்த்தேன். நின்றது. என் முட்டியையே வைத்து அழுத்திப் பார்த்தேன். நின்றது. "இப்ப ஏறு" என்றேன்.

இரண்டாவது ஆட்டத்தை நான் மேலே போய்ப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை. கிணற்றுப் பலகைக்கு வெளியே சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் சுற்றும்போதெல்லாம் பலகை என் முதுகில் அதிர்ந்தது. மைக்கில் டேவிட் 'இரண்டு கையையும்' என்றார். முதல் சுற்று அதிர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான் எண்ணுவதை விட்டுவிட்டு அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அதிர்வு மெல்ல மெல்லக் கீழே இறங்கி நின்றது. மேலே கூட்டம் ஓவென்று கத்தியது.

சின்னக் கதவைத் திறந்துகொண்டு ஸ்டெல்லா வண்டியைத் தள்ளியபடி வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்வை. கெண்டைக்காலில் ஈரத்துணி சுற்றியிருந்தது. எங்கள் முன்னால் நிறுத்தி, இரண்டு பக்கமும் சொட்டையாகிக் கிடந்த டேங்கைக் குனிந்து பார்த்தாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"செதிலெல்லாம் நல்லாத்தான் உரிச்சிக்கீற அண்ணாத்த" என்றாள். "இனிமே கொழம்பு வெக்க வேண்டியதுதான்."

டேவிட் சிரித்தார். அக்காகூடச் சிரித்தார். உயிரோடு என் முன்னால் நின்றுகொண்டு என்னைக் கிண்டல் செய்கிறாளே என்று, அத்தனை ஜனங்களுக்கு நடுவில் மணலில் உட்கார்ந்து நான் வாய் விட்டு அழுதேன்.